அடக்கம் என்னும் பொய்

பித்துற்றவன் கூச்சலிட்டால் ஊர் கூடுகிறது. மந்திரவாதியையோ மருத்துவரையோ தேடுகிறது. அவனே சொல்லிழந்து திண்ணையில் ஒடுங்கினால், "பொடியன் இப்ப நல்ல அடக்கம்" என்று ஆறுதல் கொள்கிறது. கிரானிலும் இதே கதை. கொழும்பிலும் இதே கதை. இந்த ஆறுதல் பொய்யானது, கொடியதுமாகும்.

உளச்சிதைவு நோய்க்கு இல்லாத குரல்களைக் கேட்பது ஒரு முகம். சொல் வற்றிப்போவது மறுமுகம். இதனையே பேச்சு வறுமை என்கிறோம். எதைக் கேட்டாலும் ஒற்றைச் சொல்லே விடை. அதுவும் நெடுநேரங் கழித்தே வரும். சிலர் நிறையப் பேசுவர். ஆனால் பொருள் தேறாது. நான்சி ஆண்ட்ரியாசன் என்ற அமெரிக்க மருத்துவர் 1980களில் வகுத்த அளவுகோல் இவ்விரண்டையும் நோய்க்குறிகளாகவே கணக்கிட்டது. இது சோம்பலன்று; திமிரன்று; பேய்க்கோளாறுமன்று.

மருந்துகள் பொய்க்குரல்களைத் தணிப்பதில் வல்லவை. வற்றிய சொல்லை ஊறச் செய்வதில் அத்துணை வல்லவையல்ல. அளவு மிகுந்தால் அவையே பேச்சை மந்தமாக்குவதும் உண்டு. ஆகவே, கூச்சல் நின்ற அன்று சிகிச்சை முடிவதில்லை. தொழிலும் தோழமையும் பொறுமையான உரையாடலும் அன்றிலிருந்துதான் தேவைப்படுகின்றன.

அவற்றை யார் தருவது? 1873இல் குடியேற்ற ஆட்சி இயற்றிய சட்டம் பித்தரை அடைத்துவைக்க வழி சொன்னது. அவரோடு பேச வழி சொல்லவில்லை. மாரியில் கிரான் பாலத்தை வெள்ளம் மூடினால் அக்கரைக் குடும்பம் மருந்துக்கே தவிக்கிறது. கூச்சலிடுபவனுக்காகப் பொலிசாராவது வருவர். பேசாதவனுக்காக யார் தோணி ஏறுவார்? பகலெல்லாம் வயலில் நிற்கும் தாயைப் பழிப்பது அறமன்று. வீட்டு வாசலுக்கே வரும் உளநலச் சேவையைக் கேட்பதே அறம்.

எல்லா மௌனமும் இந்நோயன்று. 2004இன் கடற்கோளும் 2009வரை நீண்ட போரும் வாயடைத்தோர் இம்மண்ணில் பலர். மனச்சோர்வும் சொல்லைச் சுருக்கும். பிரித்தறிவது மருத்துவர் கடன். மாற்றத்தை முதலில் காண்பது யார் கடன்?

ஆசிரியத் தோழர்களே, மாணவ நண்பர்களே! இந்நோய் பெரும்பாலும் பதின்வயதின் இறுதியிலும் இருபதுகளிலும் தலைகாட்டுகிறது. அதாவது, நம் கண்முன்னே. பேசாதவனுக்கு "நல்ல பிள்ளை" என நற்சான்று வழங்கும் பள்ளிக்கூடம் நோய்க்கே நற்சான்று வழங்கக்கூடும். நேற்றுவரை வாயாடியவன் இன்று ஒற்றைச் சொல்லில் நின்றால் அருகிற் சென்று அமருங்கள். விடை வரும்வரை காத்திருங்கள். வீட்டாரையும் மருத்துவரையும் இணையுங்கள். உரிமை கேட்கச் சொல்லற்றவனுக்காக, சொல்லுள்ளவர் கேட்டே தீரவேண்டும்.