பட்டியலில் பெயர் ஏறினால் போதுமா?



"நம் ஓட்டால் என்ன ஆகப் போகிறது? யார் ஜெயித்தாலும் விடிந்தால் பெரட்டுக்குப் போகத்தானே வேண்டும்?" என்று லயங்களிலே சிலர் பேசித் திரிகிறார்கள். இந்தப் பேச்சு யாருக்கு நன்மை? உழைப்பவனுக்கா? ஒருபோதும் இல்லை!

பிரஜா உரிமையும் ஓட்டும் இல்லாதவன் கதி என்னவென்று நாம் கண்டவர்கள். 1955 ஜூலை 27-ல் மலாயாவின் முதல் பொதுத் தேர்தலில் 52 நாற்காலிகளுக்குப் போட்டி நடந்தது. காட்டை அழித்து ரப்பர் நட்ட நம்மவரில் பெரும்பாலோர் அன்று வாக்காளர் அல்லர். 1957-ல் சுதந்திரத்தோடு பிரஜா உரிமைக் கதவு அகலத் திறந்தது. மனுப் போடாதிருந்தோரும் உண்டு. பத்திரம் காட்ட முடியாமல் திரும்பியோரும் உண்டு. விளைவு என்ன? 1968-ல் வந்த சட்டம் பிரஜையல்லாதாரிடம் வேலைப் பெர்மிட் கேட்டது. 1969-க்குப் பின் அது அமுலானபோது பல்லாயிரவர் வேலையிழந்து கப்பலேறினர்.

இன்று நிலைமை வேறு. 2019-ல் திருத்தப்பட்ட அரசியல் சட்டப்படி, 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதான பிரஜையின் பெயர் தானாகவே பட்டியலில் ஏறுகிறது. 2018-ல் சுமார் 1 கோடியே 49 லட்சமாயிருந்த வாக்காளர் தொகை 2022-ல் 2 கோடியே 11 லட்சமாயிற்று. வரவேற்கிறோம். ஆனால், பெயர் தானாக ஏறும். ஓட்டு தானாக விழாது! செக்ரோலில் பெயர் இருந்தும் பெரட்டுக்கு வராதவனுக்குச் சம்பளம் உண்டா?

தோட்டம் துண்டாடப்பட்டது, குடும்பம் பட்டணத்துக்குப் பெயர்ந்தது. பெயரோ பழைய தொகுதியிலேயே கிடக்கிறது! அடையாளக் கார்டில் முகவரியை மாற்றினால் மட்டும் போதாது. ஏற்கெனவே பதிவானவர் தேர்தல் ஆணையத்திடமும் மனுச் செய்ய வேண்டும்.

சிவப்புக் கார்டு வைத்திருக்கும் முதியவரையும், இந்த மண்ணில் பிறந்தும் பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளையையும் இந்தத் தானியங்கிப் பதிவு தொடாது. கிராணிமாரே! பாரம் நிரப்பத் தெரிந்த உங்கள் பேனா அவர்களுக்காகவும் உழைக்கட்டும். பதிவு இலாகாவுக்கு அவர்களைத் தனியே அனுப்பாதீர்கள்.

ஓட்டுப் போட முதலாளி போதிய நேரம் விட வேண்டும். அதற்காகக் கூலியைப் பிடிக்கக் கூடாது. 1954-ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டம் சொல்வது இது. துரையின் தயவன்று, நம் உரிமை!

அரிசி மூட்டை கொடுத்தவனுக்கே ஓட்டு என்பாரும் இருக்கிறார்கள். ஒரு வாரத்துச் சோற்றுக்கு ஐந்தாண்டை விற்பதா?

தேர்தல் அறிவித்த பின் அலைவதில் பயனில்லை. இன்றே பட்டியலைப் பாருங்கள், முகவரியைத் திருத்துங்கள், பக்கத்து வீட்டாரையும் கேளுங்கள். ஓட்டில்லாதவன் குரல் சபை ஏறாது!