முதல் வெல்டிங் மெஷின் சின்னதாவே இருக்கட்டும்

போன சம்பாவில் களையெடுக்கிற நேரம் பார்த்து கோனோ வீடரின் கைப்பிடி அடியோடு விட்டுப்போச்சு. ஒற்றை நாற்று நடவு. நட்ட பத்து, பன்னிரண்டு நாளில் முதல் ஓட்டு ஓட்டியாக வேண்டும். ஆட்கள் வந்து வரப்பில் நிற்கிறார்கள். வண்டியில் கட்டிக்கொண்டு பதினான்கு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் செய்யாறு பட்டறைக்குப் போனேன். பட்டறைத் தம்பி ஒரு பெரிய கேட் வேலையில் இருந்தார். "நாளன்னிக்கு வாங்க சார்" என்றார். அவர் மேல் தப்பு சொல்ல மாட்டேன். என்னுடையது ஐம்பது ரூபாய் வேலை. ஆனால் அந்த இரண்டு நாளில் கோரை தலைதூக்கிவிட்டது. அப்புறம் கையால் களை எடுத்த கூலி நாலாயிரத்துக்கு மேல்.

விதை நம்முடையது, இடுபொருள் நம்முடையது என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறோம், நானும்தான் பேசுகிறேன். கருவி உடைந்தால் மட்டும் டவுனுக்கு ஓடுகிறோம். வெல்டிங் மெஷினெல்லாம் இயற்கை விவசாயிக்கு எதுக்கு சார் என்று கேட்ட நண்பருக்கு இதுதான் என் பதில். மண்வெட்டிப் பூண், பந்தல் கம்பி, ஆட்டுக்கொட்டகைக் கதவு, சைக்கிள் களைவெட்டி என்று மாதம் ஒரு வேலையாவது வந்துகொண்டே இருக்கிறது.

ஆனால் எந்த மெஷின் என்பதில்தான் நம்ம ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். முப்பத்தோரு வருஷம் பேங்கில் இருந்தவன் நான். பவர் டில்லர் தார்ப்பாய்க்கு அடியில் துருப்பிடித்துக் கிடக்க, தவணை மட்டும் ஓடிக்கொண்டிருந்த வீடுகளை நிறையப் பார்த்தவன். வெல்டிங் மெஷினுக்காகக் கடன் வாங்காதீர்கள். கையிருப்பில் வாங்குகிற அளவுக்குச் சின்ன மெஷினே நமக்குப் போதும்.

பட்டறைகளில் இருக்கும் பழைய டிரான்ஸ்பார்மர் மெஷின் உழைக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் நகர்த்த இரண்டு ஆள் வேண்டும், பெரும்பாலும் இரண்டு பேஸ் கரண்டும் கேட்கும். கேஸ் சிலிண்டர் வைத்துக் கம்பி ஓடுகிற மிக் மெஷின் மெல்லிய தகட்டுக்கு அருமையானது. ஆனால் நம் களத்துமேட்டுக் காற்றில் அந்த கேஸ் நிற்காது. நமக்கு ஏற்றது சிங்கிள் பேஸ் இன்வெர்ட்டர் ஆர்க் மெஷின்தான். ஒரு கையால் தூக்கலாம், வீட்டு கரண்டில் ஓடும். எனக்கு 6,800 ரூபாய் ஆனது.

அட்டையில் 200, 250 என்று பெரிதாகப் போட்டிருக்கும் ஆம்பியரைப் பார்த்து மயங்க வேண்டாம். நாம் அதிகம் போடப்போவது 2.5 மில்லிமீட்டர் ராடு. அதற்கு 60 முதல் 90 ஆம்பியர் போதும். கொஞ்சம் கனமான இரும்புக்கு 3.15 ராடு. அதற்கும் 130-ஐத் தாண்ட வேண்டியதில்லை. ஆகவே உண்மையான 160 கிடைத்தால் தாராளம். உண்மையா என்பதை மெஷினின் பின்பக்கத் தகடு சொல்லும். டியூட்டி சைக்கிள் என்று ஒரு சதவீதம் இருக்கும். 160 ஆம்பியரில் 60 சதவீதம் என்றால், பத்து நிமிஷத்தில் ஆறு நிமிஷம் அந்த அளவில் பற்றவைக்கலாம், நாலு நிமிஷம் ஆறவிட வேண்டும். அந்தத் தகடே இல்லாத மெஷினை நான் வாங்க மாட்டேன். இன்னொன்று, எத்தனை வோல்டேஜ் வரை தாங்கும் என்று கேளுங்கள். நம் ஊரில் சாயங்காலம் 180-க்கு இறங்குவது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ரிப்பேர் வந்தால் எங்கே கொடுப்பது என்பதையும் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். ஆன்லைனில் ஐந்நூறு ரூபாய் மிச்சம் பிடித்த நண்பர் ஒருவரின் மெஷின் இப்போது பரணில் இருக்கிறது.

கரண்ட் விஷயத்தில் ஒரு கசப்பான பேச்சு. பம்புசெட் இலவச மின்சாரத்தில் கொக்கி போட்டு வெல்டிங் வைப்பதை ஊரில் யாரும் தப்பாகவே நினைப்பதில்லை. அது தப்புதான். 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில், அனுமதி இல்லாத பயன்பாட்டுக்கு இரண்டு மடங்கு கட்டணம் போட இடமிருக்கிறது. இலவசத்தைக் காப்பாற்றப் போராடுகிற நாமே அதைக் கொச்சைப்படுத்தலாமா? வீட்டு இணைப்பில், தனி 16 ஆம்பியர் பிளக்கில், சரியான எர்த்தோடு போடுங்கள். சாதாரண 5 ஆம்பியர் பிளக்கில் சொருகாதீர்கள். நீள ஒயர் இழுப்பதானால் மெல்லிய எக்ஸ்டென்ஷன் வேண்டாம், 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் வாங்குங்கள்.

பத்தாயிரம் ஒதுக்கினால் ஏழாயிரம் மெஷினுக்கு, மூவாயிரம் உடம்புக்கு என்று கணக்கு வையுங்கள். தானாக இருண்டுகொள்ளும் முகமூடி, தோல் கையுறை, முழுக்கைப் பருத்திச் சட்டை, ஷூ. நைலான் லுங்கியும் ரப்பர் செருப்புமாகப் போடுகிற வேலையல்ல இது. முதல் வாரம் "ஒரு புள்ளிதானே" என்று முகமூடி இல்லாமல் நாலைந்து புள்ளி வைத்தேன். அன்று ராத்திரி கண்ணில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி எரிச்சல், விடியும்வரை தூக்கமில்லை. பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்த பேரனை வீட்டம்மா அதட்டி உள்ளே அனுப்பியிருந்தாள், அதுவரை நல்லகாலம். வைக்கோல், மூடாக்குச் சருகு பக்கம் போகவே கூடாது. ஒரு வாளித் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும், ஈரத் தரையில் நின்று மட்டும் போடாதீர்கள்.

டீசல் இருந்த டிரம்மை, காலியாக இருந்தாலும், தொடாதீர்கள். வெடிக்கும். ஜி.ஐ. பைப்பில் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுக்காமல் வைத்தால் வெள்ளைப் புகை வரும், ராத்திரி குளிர்காய்ச்சல் வரும். வார்ப்பிரும்புப் பம்பு மூடி சாதா ராடில் நிற்காது, பக்கத்திலேயே விரிசல் விடும். டிரெய்லர் கொக்கி, டிராக்டர் இணைப்பு இதெல்லாம் பட்டறைத் தம்பிக்கே. ரோட்டில் கழன்றால் போவது அடுத்தவர் உயிர்.

என் முதல் பத்து வெல்டிங்கைப் பார்த்துவிட்டு அதே தம்பி, "கோழி எச்சம் மாதிரி இருக்கு சார்" என்றார். உண்மைதான். பழைய இரும்புக் கடையில் கிலோக்கணக்கில் துண்டு வாங்கி, இரண்டு பாக்கெட் ராடு தீர்த்த பிறகுதான் கோடு நேராக வந்தது. மழைக்காலத்தில் ராடு நமுத்துப்போகும், டப்பாவில் மூடி வையுங்கள்.

இந்தப் பட்டத்தில் வீடர் உடையவில்லை. ஆனால் வேறு ஒன்று செய்தேன். கைப்பிடி உயரம் ஆம்பளைக்குத் தகுந்த மாதிரி இருப்பதால் தோள் விட்டுப்போவதாக வீடர் ஓட்டுகிற அம்மா இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பட்டறைக்கு எடுத்துப்போய்ச் சொல்லி செய்கிற வேலையா அது என்று நானும் விட்டிருந்தேன். போன மாதம் அவரையே நிற்கவைத்து அளந்து, நாலு அங்குலம் அறுத்துவிட்டுத் திரும்ப ஒட்டவைத்தேன். ஒரு வயல் ஓட்டிவிட்டு வந்து, "மத்த ரெண்டையும் இப்படியே பண்ணிடுங்கய்யா" என்றார். ஒன்று முடிந்தது, ஒன்று பாக்கி.