பச்சைத் திரையும் பட்டுப் பாவாடையும்

சென்ற நவராத்திரியின்போது நம் குழந்தைகள் பாடிய பாடல்களைப் படம் பிடித்து, ஊரிலுள்ள பாட்டி தாத்தாக்களுக்கு அனுப்புவதென்று ஏற்பாடாயிற்று. சால்ட் லேக்கில் அன்பர் ஒருவரின் இல்லக் கூடத்தில் பச்சைத் துணி ஒன்றைக் கட்டினார்கள். பச்சை தெரியும் இடமெல்லாம் பின்னர் தஞ்சைப் பெரிய கோயிலின் படத்தை அமைத்துவிடுவது திட்டம். குழந்தைகள் நன்றாகவே பாடினார்கள். ஆனால் படத்தைப் போட்டுப் பார்த்தபோது, ஒரு சிறுமி மட்டும் கழுத்துக்குக் கீழே காணாமற் போயிருந்தாள்! அவள் அணிந்திருந்தவை பச்சைப் பட்டுப் பாவாடையும் பச்சைச் சட்டையும். தலையும் இரு கைகளும் அந்தரத்தில் நிற்க, உடல் இருக்கவேண்டிய இடத்தில் கோயில் விமானம் தெரிந்தது. கூடியிருந்தோர் சிரித்தனர், குழந்தையோ அழுதுவிட்டாள்.

அவளைத் தேற்றுவதற்காக நான் கூறிய விளக்கத்தையே இம்மாதம் நேயர்களுக்கும் கூறுகிறேன்.

குரோமா கீ எனப்படும் இம்முறையில், இது குழந்தை, இது துணி என்று கருவிக்குத் தெரியாது. அது அறிந்தது நிறம் ஒன்றே. குறித்த பச்சை எங்கெங்கு உள்ளதோ அங்கெல்லாம் படத்தில் ஓட்டை போட்டு, அவ்வோட்டை வழியே வேறொரு படத்தைக் காட்டுகிறது. பச்சையைத் தேர்ந்தெடுப்பானேன்? மனிதரின் தோல் எந்த நிறமாயினும், அதில் சிவப்பும் மஞ்சளுமே மிகுதி. பச்சையும் நீலமும் அதிலிருந்து எளிதில் விலகித் தெரியும். தவிர, இக்காலத்து டிஜிட்டல் காமிராக்களில் பெரும்பாலானவற்றில், சிவப்பையோ நீலத்தையோ உணரும் புள்ளிகளைப்போல் இரு மடங்கு புள்ளிகள் பச்சையை உணர அமைந்துள்ளன.

எண்ணம் பழையதே. 1940இல் வெளிவந்த ‘உத்தம புத்திரன்’ படத்தில் பி. யு. சின்னப்பா இரட்டை வேடம் பூண்டார். 1965இல் ‘திருவிளையாடல்’ படத்தில் ஒரே பாட்டில் பல சிவாஜி கணேசன்களைக் கண்டு வியந்தோம். காமிராவின் ஒரு பகுதியை மறைத்துப் படமெடுத்து, பிலிமைப் பின்னுக்குச் சுற்றி, மறுபகுதியை மறைத்து மீண்டும் எடுப்பது அக்காலத்து மாஸ்க் முறை. காமிரா இம்மியும் அசையலாகாது. இந்தக் கல்கத்தாவிலேயே சத்யஜித் ராய் 1966இல் ‘நாயக்’ எடுத்தபோது, ரயில் பெட்டியை ஸ்டூடியோவுக்குள் கட்டினார்கள். ஜன்னலுக்கு வெளியே ஓடும் வயல்வெளி, பின்னாலிருந்து திரையில் பாய்ச்சிய படம். பெட்டி ஓர் அடிகூட நகரவில்லை!

நிறத்தைக் கொண்டு பிரிக்கும் முறைக்குப் புகழ் தேடித் தந்தது, 1940இல் வந்த ‘பாக்தாத் திருடன்’ என்னும் ஆங்கிலப் படம். லாரன்ஸ் பட்லர் என்பார் நீலத் திரையைக் கையாண்டார். தந்திரக் காட்சிகளுக்காக அப்படம் ஆஸ்கார் பரிசு பெற்றது. அதில் திருட்டுச் சிறுவனாக நடித்த சாபு, மைசூர்ச் சீமையைச் சேர்ந்த யானைப் பாகன் ஒருவரின் மகன் என்பது நமக்குப் பெருமை. ஆயினும் தலைமயிரின் ஓரமும், புகையும், கண்ணாடியும் சரியாகப் பிரியாமல் தொல்லை தந்தன. 1959இல் வெளிவந்த ‘பென்ஹர்’ படத்துக்காக பெட்ரோ விலாஹோஸ் அமைத்த முறையே அக்குறையைப் பெரிதும் நீக்கிற்று.

பின்னர் தொலைக்காட்சி வந்தது. 1975ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் நாள் கல்கத்தாவிலும், 15ஆம் நாள் சென்னையிலும் நிலையங்கள் தொடங்கின. இன்று வானிலை கூறுபவர் வங்கக் கடலில் சுழலும் புயலைக் கையால் சுட்டிக்காட்டுகிறாரே, அவருக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது வெறும் பச்சைச் சுவர்தான். பக்கத்திலுள்ள சிறு திரையைப் பார்த்துக்கொண்டே, இல்லாத கடலைக் காட்டுகிறார்.

இல்லத்தில் செய்து பார்க்க விரும்புவோர் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். துணியில் சுருக்கம் ஆகாது. துணிக்குத் தனி விளக்கு, ஆளுக்குத் தனி விளக்கு வேண்டும். ஆள் துணியிலிருந்து ஆறடியாவது முன்னால் நிற்கட்டும். இல்லையேல் பச்சையின் சாயல் கன்னத்தில் படியும். பின்னால் அமைக்கும் படத்தில் வெயில் இடப்புறமிருந்து வந்தால், ஆளின்மீதும் ஒளி இடப்புறமிருந்தே விழவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, திரையின் நிறத்தில் உடுத்தக் கூடாது.

இவ்வளவும் கூறி முடித்து, அச்சிறுமிக்கு மாம்பழ நிறப் பாவாடை உடுத்தி, மறுபடியும் படமெடுத்துத் தஞ்சை மேலவீதியிலுள்ள அவள் பாட்டிக்கு அனுப்பினோம். பிசிறில்லாமல் வந்திருந்தது. மறுநாள் பாட்டி பேசினார்: “பெரிய கோயிலை நான் தினம் பார்க்கிறேனே, அப்பா! குழந்தை இருக்கிற இடத்தையல்லவா பார்க்க ஆசைப்பட்டேன். கோயிலைக் கொண்டுவந்து ஏன் மறைத்துவிட்டீர்கள்?”

எனக்கு விடை கூறத் தோன்றவில்லை. போக முடியாத இடத்தைக் காட்டவே இக்கலை பிறந்தது. பாக்தாத் வானத்தைக் காட்டியதும், நகராத ரயிலை ஓடவிட்டதும் அதற்காகவே. பாட்டியால் வர முடியாத இடம் எது? தஞ்சையா, சால்ட் லேக்கா? இதை நாங்கள் எண்ணிப் பார்க்கவே இல்லை. இப்போது கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசும்போதும், துணி ஏதுமின்றியே பின்புலத்தை மாற்றிவிடலாம். உருவத்தின் ஓரத்தைக் கணினியே ஊகித்துக்கொள்கிறது. வீட்டின் ஒழுங்கீனத்தை மறைக்க அது உதவலாம். ஆனால் ஊரிலிருப்போர் காண விழைவது அந்த வீட்டைத்தான்.

அடுத்த ஞாயிறன்று அச்சிறுமியைத் தெருவுக்கே அழைத்துச் சென்றோம். அடையாளத்துக்கு எல்லோரும் எண் சொல்லிக் கூறும் குடிநீர்த் தொட்டி, மீன் வாங்கச் செல்லும் வங்காளி அண்டைவீட்டார், சைக்கிள் ரிக்ஷா எல்லாம் பின்னால் தெரிய அவள் பாடினாள். அன்று அவள் உடுத்தியிருந்தது, அதே பச்சைப் பட்டுப் பாவாடை.