பி.எட். டீச்சர்தானே!

‘பி.எட். டீச்சர்தானே, நாலு மாசத்துல போயிடுவாங்க.’ ஆண்டுதோறும் பள்ளிக்கூடங்களில் காதில் விழும் பேச்சு இது. தலைமையாசிரியர் சொல்வார், பாட ஆசிரியர் சொல்வார், பெற்றோரும் சொல்வார்கள். கொஞ்ச நாளில் பயிற்சிக்கு வந்தவரே தன்னைப் பற்றி அப்படிச் சொல்லத் தொடங்கிவிடுவார். ஒழுக்கம் என்று கல்லூரி அவருக்குச் சொல்லி அனுப்புவதும் இந்த நினைப்பில் பிறந்ததுதான்: கஞ்சி போட்ட பருத்திப் புடவை, பின்னிய தலை, மணியடிக்குமுன் கையெழுத்து, பெரியவர்களை எதிர்த்துப் பேசாமை. வந்து போகிற விருந்தாளிக்கு இவ்வளவு போதும். வகுப்பறையில் நிற்கிறவருக்கு இது போதும் என்று நம்புவதைத்தான் நான் கண்டிக்கிறேன்.

நான் பி.எட். படித்தபோது அது ஓராண்டுப் படிப்பு. கற்பித்தல் பயிற்சி 40 நாள். கல்லூரியிலிருந்து பார்வையிட வருகிறார்கள் என்று தெரிந்ததும், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மறுநாள் கேட்கப்போகும் கேள்விகளை முதல் நாளே சொன்னேன், விடைகளையும் சொல்லிக்கொடுத்தேன். கூடவே ஓர் ஏற்பாடு. கேள்வி கேட்டால் எல்லோரும் கை தூக்க வேண்டும். விடை தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. எனக்கு முந்தைய ஆண்டு படித்த அக்காக்கள் காட்டிய வழி அது. மறுநாள் வகுப்பு பிரமாதமாக நடந்தது. பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்த மேற்பார்வையாளர் ‘மாணவர் பங்கேற்பு நன்று’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். கடைசி வரிசையில் ஒரு பையன் பீரியட் முழுக்க இடது கையைத் தூக்கிக்கொண்டே இருந்தான். ஒரு தடவைகூட நான் அவனை எழுப்பவில்லை. எழுப்பக் கூடாது என்பதுதானே ஏற்பாடு. எழுத்துக் கூட்டிப் படிக்கவே அவனுக்கு வராது என்பது பயிற்சி முடியும் தறுவாயில்தான் எனக்குத் தெரிந்தது.

அன்று என் புடவையில் ஒரு சுருக்கம் இல்லை. நேரம் தவறவில்லை. யாரையும் எதிர்த்துப் பேசவில்லை. கல்லூரி கொடுத்த விதிகளில் ஒன்றையும் மீறாமலே ஒரு வகுப்பு முழுவதையும் பொய் சொல்லப் பழக்கியிருந்தேன். அதற்கு எனக்கு நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது.

2015இல் பி.எட். இரண்டாண்டுப் படிப்பானது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014இல் வகுத்த விதிகளின்படி, இரண்டாம் ஆண்டில் மட்டும் 16 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும். ஏறக்குறைய இரண்டு மடங்கு நாட்கள். ஆனால் ‘வந்து போகிறவர்’ என்ற பேச்சு அப்படியே இருக்கிறது. பயிற்சிக்கு வந்தவரை வகுப்பில் விட்டுவிட்டு, வழிகாட்டி ஆசிரியர் மாணவர் விவரங்களை ஏற்றும் எமிஸ் பதிவுக்கு உட்கார்ந்துவிடுகிறார். ஆள் வராத பீரியட்டுக்கெல்லாம் பயிற்சிக்கு வந்தவரையே அனுப்புகிறார்கள். வேலை வாங்கும்போது மட்டும் முழு ஆசிரியர். பொறுப்பு என்று வந்தால் ‘டிரெயினிங்’.

பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. அவர்களுக்கு அவரும் மிஸ்தான். சொல்லப்போனால் நெருக்கம் கூடுதல்: வயதில் இளையவர், மதிய உணவின்போது பக்கத்தில் உட்காருகிறவர், அடிக்க மாட்டார் என்று தோன்றுகிறவர். மற்ற ஆசிரியர்களிடம் வாய் திறக்காத பிள்ளை இவரிடம் வீட்டு விஷயத்தைச் சொல்லும். அதைக் கேட்டதும் என்ன செய்ய வேண்டும் என்று அந்த இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு யாராவது சொல்லித்தந்தோமா? 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 19ஆம் பிரிவில், குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. பயிற்சியில் இருப்பவருக்கு விலக்கு இல்லை. தெரிவிக்காமல் இருந்தால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். உடலை வருத்தியோ மனத்தை வதைத்தோ தண்டிப்பதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடுக்கிறது. பிரம்பை நீட்டி ‘இது இல்லாம கிளாஸ் அடங்காதும்மா’ என்று அறிவுரை சொல்லும் மூத்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நான் பார்த்த கல்லூரி விதிப்பட்டியல்களில் பின்னலுக்கு இடமிருந்தது. 1098, 14417 என்ற உதவி எண்களுக்கு இடமில்லை.

பள்ளிக்குச் செல்பேசியை எடுத்துப் போகாதே என்கிறது கல்லூரி. அதே கல்லூரி, ரெக்கார்டில் ஒட்டப் பிள்ளைகளோடு எடுத்த படம் கேட்கிறது. அந்தப் படம் அன்று மாலையே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏறுகிறது. எந்தத் தாயிடம் கேட்டு ஏற்றினார்கள்?

‘அவங்களே படிக்க வந்தவங்க, இவ்வளவு சுமையை ஏத்தலாமா?’ என்று கேட்பவர்களின் பரிவு எனக்குப் புரிகிறது. பாடம் நடத்துவதில் அவர்கள் தடுமாறலாம். தடுமாறத்தான் அந்த 16 வாரம். ஆனால் ஹவுஸ் சர்ஜன் பார்க்கிறார் என்பதற்காக நோயாளியின் வலி குறைவதில்லை. இடது கையைத் தூக்கிய அந்தப் பையனுக்கு எட்டாம் வகுப்பு ஒரே முறைதான். அதிலிருந்து 40 நாளை நான் எடுத்துக்கொண்டேன்.

இப்போது நான் வழிகாட்டி ஆசிரியை. என்னிடம் வருகிறவர்களை முதல் வாரம் பாடம் நடத்த விடுவதில்லை. பிள்ளைகளின் பெயர்கள் தெரிய வேண்டும், யாருக்குப் படிக்க வரவில்லை என்று தெரிய வேண்டும். போன ஆண்டு வந்த ஒரு பெண், மேற்பார்வையாளர் உட்கார்ந்திருக்கும்போதே பாதி வகுப்புக்குப் பாடம் புரியவில்லை என்று கண்டுகொண்டாள். எழுதி வந்த பாடத் திட்டத்தை மூடி வைத்துவிட்டு, முதலிலிருந்து மெதுவாகச் சொல்லத் தொடங்கினாள். மணியடித்தபோது பாடம் முடியவில்லை. ‘பாடத் திட்டப்படி நடத்தவில்லை’ என்று மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். அதைத் திருத்தும்படி அவள் கல்லூரிக்கு எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை. இந்த வாரம் மறுபடியும் எழுதுகிறேன்.