பத்துப் பொருத்தமும் பார்த்த டியூப்கள்

கிடார் ஆம்ப்ளிஃபயருக்கு பவர் டியூப் வாங்கப் போகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "மேட்ச்டு பேர் தானே?" பெட்டியில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் போதும், கூடுதல் காசை மறுபேச்சில்லாமல் எடுத்து வைப்பார். வீட்டுக்கு வந்து பழசைப் பிடுங்கிவிட்டு புதுசைச் செருகுவார். பயாஸ் பார்த்தாச்சா என்று யாராவது கேட்டால், "அதான் மேட்ச்டு பேர் ஆச்சே!" என்று பதில் வரும். ஜாதகத்தில் பத்துப் பொருத்தமும் இருக்கிறது, அப்புறம் குடித்தனம் நடத்த வீடு எதற்கு என்று கேட்கிற மாதிரி இருக்கிறது.

விஷயம் புதிதாக இருப்பவர்களுக்கு: பழைய வால்வு ரேடியோவில் இருந்த கண்ணாடிக் குழாயின் சொந்தக்காரன்தான் இந்த டியூப். ஃபெண்டர், மார்ஷல் போன்ற ஆம்ப்களில் ஸ்பீக்கரை ஓட்டும் கடைசிக் கட்டத்தில் பெரும்பாலும் இரண்டோ நான்கோ இருக்கும். ஒரு பக்கத்து டியூப் அலையின் மேல்பாதியைக் கவனிக்க, எதிர்ப்பக்கம் கீழ்ப்பாதியைக் கவனிக்கும். யாரும் வாசிக்காதபோதும் இவற்றில் கொஞ்சம் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். எவ்வளவு ஓட வேண்டும் என்பதை கிரிட்டுக்குக் கொடுக்கும் நெகட்டிவ் வோல்டேஜ் முடிவு செய்கிறது. அதுதான் பயாஸ். மேட்சிங் என்பது இரண்டு டியூப்களும் ஒரே பயாஸில் ஒரே அளவு கரண்ட் இழுக்கின்றனவா என்று பார்ப்பது மட்டுமே.

ஒரு சின்னக் கணக்கு. 6எல்6ஜிசி டியூபின் பிளேட் தாங்கக்கூடியது 30 வாட். பிளேட்டில் 450 வோல்ட் இருக்கும் ஆம்பில், அதில் 70 சதவீதம் என்று வைத்தால் 21 வாட், அதாவது சுமார் 47 மில்லிஆம்பியர். இப்போது அருமையாக மேட்ச் ஆன ஒரு ஜோடி, ஆளுக்கு 75 மில்லிஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். ஆளுக்கு 33.75 வாட்! வாசிக்க ஆரம்பிக்கும் முன்பே இரண்டு பிளேட்டும் ஒற்றுமையாகச் சிவந்து, ஒற்றுமையாகச் சாகும். போகும்போது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையும் கூட்டிக்கொண்டு போனால் செலவு டியூபோடு நிற்காது. அதே ஜோடி ஆளுக்கு 12 மில்லிஆம்பியர் இழுத்தால்? யாரும் சாக மாட்டார்கள். ஆனால் ஒரு டியூப் விடுவதற்கும் இன்னொன்று பிடிப்பதற்கும் நடுவில் இடைவெளி விழுந்து, மெல்ல வாசிக்கும்போது சத்தம் வறண்டு கரகரக்கும். "இந்த பிராண்ட் சரியில்லப்பா" என்று அடுத்த மேட்ச்டு பேருக்குப் பணம் கட்டுவார் நம்மாள். விற்பவனுக்கு இதைவிட நல்ல வாடிக்கையாளர் கிடைப்பானா?

இதே கூத்து கம்பெனி அளவிலேயே ஒருமுறை நடந்திருக்கிறது. 1960களின் கடைசியில் வந்த ஃபெண்டர் சில்வர்ஃபேஸ் ஆம்ப்கள் பலவற்றில், பயாஸைக் கூட்டிக் குறைக்கும் ஸ்க்ரூவை மாற்றி, இரண்டு பக்கத்தையும் சமப்படுத்தும் 'பேலன்ஸ்' ஸ்க்ரூவை வைத்தார்கள். ஹம் குறையும், சரி. மொத்த கரண்ட் எங்கே நிற்கிறது என்பதற்கு அதில் வழியே கிடையாது. இன்றும் பல டெக்னீஷியன்கள் அந்த ஆம்ப் கைக்கு வந்தால் முதல் வேலையாக அதைப் பழையபடி மாற்றிவிடுகிறார்கள்.

மேட்சிங் வெறும் ஏமாற்று என்று சொல்ல வரவில்லை. ஒரே ஸ்க்ரூ இரண்டு டியூபுக்கும் பயாஸ் கொடுக்கும் ஆம்பில் ஒன்று 25, இன்னொன்று 50 என்று இழுத்தால் எந்தத் திருகலும் காப்பாற்றாது. டிரான்ஸ்ஃபார்மரில் எதிரெதிராக ஓடும் டிசி ஒன்றையொன்று அடித்துக்கொள்வதற்கும் ஏறக்குறைய சமம் வேண்டும். ஏறக்குறைய! அரை மில்லிஆம்பியர் வரை துல்லியம் என்று விளம்பரம் செய்பவர்கள், அந்த டியூபுக்கு சிக்னல் தரும் ஃபேஸ் இன்வெர்ட்டரைப் பற்றி வாய் திறப்பதில்லை. 1950களின் கடைசியில் வந்த ஃபெண்டர் பாஸ்மேன் 5எஃப்6-ஏ சர்க்யூட்டில் அங்கே ஒரு பக்கம் 82 கிலோஓம், மறுபக்கம் 100 கிலோஓம். அந்தக் காலத்து ரெசிஸ்டர்கள் பத்து சதவீதம் முன்னே பின்னே இருப்பது சாதாரணம். இத்தனைக்கும் அந்த ஆம்பில் பயாஸ் ஸ்க்ரூவே கிடையாது. மார்ஷலின் முதல் ஆம்ப் ஜேடிஎம்45 இதைப் பார்த்துச் செய்ததுதான். சரித்திரம் படைத்த சத்தமெல்லாம் இந்த ஏற்ற இறக்கத்தோடுதான் வந்தது.

"மேட்ச் ஆனது" என்றால் எத்தனை வோல்ட்டில்? குறைந்த வோல்டேஜில் ஒன்றாக நடக்கும் இரண்டு டியூப்கள் 450 வோல்ட்டில் ஆளுக்கொரு திசையில் போகலாம். சும்மா இருக்கும்போது ஒத்துப்போனவை சிக்னல் வந்ததும் ஒத்துப்போக வேண்டும் என்ற சட்டமும் இல்லை. சில மாதம் வாசித்த பிறகு கேட்கவே வேண்டாம். குரூவ் ட்யூப்ஸ் கம்பெனி 1 முதல் 10 வரை எண் போட்டு விற்றது. அதே எண்ணை மறுபடி வாங்கலாம் என்பது நல்ல யோசனைதான், ஆனால் அந்த எண் மில்லிஆம்பியர் இல்லை, அவர்களுடைய சொந்த முழக்கோல். மெஸா பூகி இன்னொரு வழியில் போகிறது: ஸ்க்ரூவே வேண்டாம், எங்கள் ஆம்பின் பயாஸுக்குப் பொருந்தும் டியூபை நாங்களே பொறுக்கி கலர் கோட் போட்டுத் தருகிறோம் என்கிறது. சரியாக வேலை செய்யும் ஏற்பாடுதான். ஆனால் ஆம்பை ஒருமுறை வாங்கியவர் டியூபுக்கு ஆயுசுக்கும் அதே வாசலில் நிற்பதுதான் சுலபம்.

கேத்தோடில் ஒரு ஓம் ரெசிஸ்டர் இருந்தால், அதன் குறுக்கே மீட்டரில் தெரியும் ஒவ்வொரு மில்லிவோல்ட்டும் ஒரு மில்லிஆம்பியர். இவ்வளவுதான் சூட்சுமம். (அதற்காக யாரும் இன்று ராத்திரியே பெட்டியைத் திறக்க வேண்டாம் சாமி! பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் நானூறு வோல்ட் காத்திருக்கலாம். தெரிந்த டெக்னீஷியனிடம் கொடுங்கள்.) ஸ்டிக்கருக்குக் கொடுக்கும் காசை அவருக்குக் கொடுத்தால், 70 சதவீதம் என்பது இலக்கு அல்ல, உச்சவரம்பு என்பதையும் சொல்லி, காதுக்குப் பிடித்த இடத்தில் கீழே நிறுத்தித் தருவார்.

விற்பவர்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. டெஸ்ட் செய்தபோது பிளேட்டில் எத்தனை வோல்ட், ஸ்க்ரீனில் எத்தனை, கிரிட்டில் எத்தனை, எத்தனை மில்லிஆம்பியர் ஓடியது: நான்கு எண்கள். சிலர் ஒன்றிரண்டு எண் எழுதுகிறார்கள். நான்கையும் எழுதாத பெட்டியை, எவ்வளவு பளபளப்பான ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும், சாதா டியூபின் விலைக்கே கேளுங்கள்.