தராசுக்கு லீவு உண்டு, அண்ணாச்சிக்கு?



பொங்கல் அன்னைக்கு மத்தியானம் உங்க தெரு மளிகைக் கடையை ஒரு தடவை நினைச்சுப் பாருங்க. ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். அண்ணாச்சி அப்பதான் இலை முன்னால் உட்கார்ந்திருப்பார். "அண்ணாச்சி, ஒரு தயிர் பாக்கெட்!" என்று ஷட்டரைத் தட்டுவது யார்? நாமதான். அவரும் கையைக் கழுவிட்டு வந்து எடுத்துக் கொடுப்பார். கொடுக்கலேன்னா நாளைக்கு அடுத்த கடைக்குப் போயிடுவாங்களோ என்ற பயம்.

அந்தப் பயத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

கடையில் வேலை பார்ப்பவருக்குச் சட்டம் இருக்கிறது. 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் வாரத்தில் ஒரு நாள் விடுமுறை தருகிறது. 1958-ஆம் ஆண்டின் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு 5 பண்டிகை நாட்களையும் சம்பளத்துடன் தருகிறது. அன்றைக்கு வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், இல்லையென்றால் சம்பளத்தோடு மாற்று விடுமுறை. கடை ஊழியருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்பதும் 2021-ல் சட்டமானது. இந்த உரிமைகளில் ஒரு எழுத்துகூடக் குறையக் கூடாது.

ஆனா, புருஷன் கல்லாவிலும் பொண்டாட்டி பொட்டலம் கட்டுற இடத்திலும் நிற்கிற கடைக்கு யார் லீவு கொடுப்பது? அங்கே முதலாளியும் அவங்கதான், தொழிலாளியும் அவங்கதான். விடியக்காலை பால் வண்டி வர்றப்ப திறந்த ஷட்டர் ராத்திரி 10 மணிக்குத்தான் இறங்குது. ஆயுத பூஜைக்குத் தராசைத் துடைச்சு, சந்தனம் குங்குமம் வச்சு, ஓய்வு கொடுக்கிறோம். அந்தத் தராசைப் பிடிக்கிற கைக்கு?

"லீவு விட்டா யாவாரம் போயிடும்" என்பார்கள். ஒண்ணு கேட்கிறேன். செவ்வாய்க்கிழமை நம்ம ஊர் சலூன் பூட்டியிருக்கும் என்பது நமக்கெல்லாம் தெரியும். அதனால் எந்த சலூன்காரருக்கு நஷ்டம் வந்தது? புதன்கிழமை போய் வெட்டிக்கிறோம். முடி எங்கேயும் ஓடிப் போகலை. மே 5 வணிகர் தினத்துக்குக் கடையடைப்பு என்றால் 4-ஆம் தேதியே சாமான் வாங்கி வச்சுடுறோம். ஒருத்தர் மட்டும் அடைச்சா அது நஷ்டம். எல்லாரும் சேர்ந்து அடைச்சா அது ஓய்வு. விஷயம் இவ்வளவுதான்.

பூக்கடை, கரும்புக் கடை, ஸ்வீட் கடைக்காரங்களுக்குப் பண்டிகைதான் சீசன். அவங்களை அன்னைக்கு அடைக்கச் சொல்வது வயித்துல அடிக்கிற மாதிரி. அவங்க ஓய்வு பண்டிகை முடிஞ்ச பிறகு வரட்டும். ஆனா எப்பவாவது வரணும்.

அரசுகளும் இதில் பொறுப்பேற்க வேண்டும். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019-ல் உத்தரவு வந்தது. பெரிய கடை ஷிப்ட் போட்டு ஆளை மாற்றும். புருஷன் பொண்டாட்டி கடையில் யாரை மாற்றுவது? போதாக்குறைக்கு இப்போது 10 நிமிட டெலிவரி ஆப்கள் வேறு.

ஜிஎஸ்டியைப் பாருங்கள். மாத ரிட்டர்னுக்குக் கடைசி நாள் 20. 2025-ல் தீபாவளியும் அக்டோபர் 20-தான்! 25 வரை அவகாசம் என்ற அறிவிப்பு, பண்டிகை வாசல் வரைக்கும் வந்த பிறகுதான் வந்தது. காலண்டர் வருஷம் பிறக்கும்போதே சுவரில் தொங்குது. ஒன்றிய அரசு அதை ஒரு தடவை புரட்டிப் பார்த்திருக்கலாமே?

நம் கோரிக்கைகள்:

1. வரி கட்டும் கடைசித் தேதி பண்டிகை நாளில் விழுந்தால், அறிவிப்புக்குக் காத்திருக்காமல் தானாகவே அடுத்த வேலை நாளுக்குத் தள்ளிப்போக வேண்டும்.

2. ஒவ்வொரு கடைவீதியிலும் வணிகர்களும் உள்ளாட்சியும் உட்கார்ந்து பேசி ஒரு பொது ஓய்வு நாளை முடிவு செய்ய வேண்டும். அந்த வீதியிலுள்ள பெரிய கடைகளுக்கும் அதே விதிதான். மருந்துக்கும் பாலுக்கும் முறை வைத்துக்கொள்ளலாம்.

கடை வைத்திருக்கும் தோழர்களே, மூணு நாள் முன்னாடியே "பொங்கல் அன்று விடுமுறை" என்று பலகை மாட்டுங்க. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போடுங்க. கூட வேலை பார்க்கிற தம்பிக்கும் அதே நாள் சம்பளத்தோடு லீவு கொடுங்க. நமக்கு மட்டும் ஓய்வு கேட்டால் அது நியாயம் ஆகாது.

மற்ற தோழர்கள் செய்ய வேண்டியது சின்ன வேலைதான். முதல் நாளே வாங்கி வைங்க. பாதி இறங்கின ஷட்டரைத் தட்டாதீங்க. மறுநாள் அதே அண்ணாச்சி கடைக்கே போங்க. "நேத்து பொங்கல் நல்லா இருந்துச்சா அண்ணாச்சி?" என்று ஒரு வார்த்தை கேளுங்க.

அந்த ஒரு வார்த்தையில் பாதி பயம் போயிடும். மீதிப் பாதியைப் போக்குவது நம் அரசியல்.

உங்க தெருக் கடைக்காரருக்கு இதை அனுப்புங்கள்.

#கடைக்காரருக்கும்_ஓய்வு
#சிறுவணிகர்_உரிமை