ஆய்வு கரைக்கும் வந்து சேரட்டும்

2003இல் இலங்கைக் கடலில் 'ஒடிசி' என்ற ஆய்வுக் கப்பலில் பணிசெய்த கடலுயிரியலாளர் ஆஷா டி வொஸ், நீலத்திமிங்கிலங்கள் கூடிநின்ற இடத்தில் செந்நிறக் கழிவு மிதப்பதைக் கண்டார். பெருந்திமிங்கிலங்கள் இரைக்காகக் குளிர்கடலுக்குப் போகும் என்றே பாடநூல்கள் சொல்லிவந்தன. கழிவு கிடக்கிறதென்றால் இந்தச் சூடான கடலிலேயே அவை இரை எடுக்கின்றனவா? அந்தக் கேள்வியைப் பற்றிக்கொண்டு 2008இல் நீலத்திமிங்கில ஆய்வைத் தொடங்கினார். கடற்பாலூட்டி ஆய்வில் கலாநிதிப் பட்டம் பெற்ற முதல் இலங்கையர் ஆனார். 2017இல் 'ஓஷன்ஸ்வெல்' என்ற கடலாய்வு நிறுவனத்தை உருவாக்கினார். கண்டறிந்ததை ஆய்விதழோடு நிறுத்தாமல், மேடைகளிலும் ஊடகங்களிலும் எளிய மொழியில் திரும்பத் திரும்பச் சொன்னார். தேவேந்திரமுனைக்கு அப்பால் திமிங்கிலங்கள் கப்பல்களில் மோதி இறப்பது பொதுப்பேச்சாக மாறியதில் அந்தப் பேச்சுக்குப் பங்குண்டு. பல குழுக்கள் ஆண்டுக்கணக்கில் ஆய்வுசெய்து வற்புறுத்திய பின், 2022இல் எம்.எஸ்.சி. கப்பல் நிறுவனம் தன் கப்பல்களை இன்னும் தெற்கே விலகிச் செல்லவைத்தது. ஆகவே, எடுத்துச் சொல்வதும் ஆய்வுப் பணியின் பகுதிதான். ஓய்வுநேரத் தொண்டு அல்ல.

இதைக் கிளிநொச்சி மாவட்டத்துப் பரந்தனிலிருந்து பார்த்தால் குறை பளிச்செனத் தெரிகிறது. சந்தியிலிருந்து மேற்கே போகும் வீதி பூநகரிக்கும், கிழக்கே போவது முல்லைத்தீவுக்கும் செல்கின்றன; இரண்டின் முடிவிலும் கடற்றொழிலை நம்பிய குடும்பங்கள். கரையோர மக்கள் சாதாளை என்று சொல்லும் கடற்புல்லில்தான் இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் வளர்கின்றன. கடற்பசு மேய்வதும் அங்கேதான். அடியை வாரிச் செல்லும் இழுவைமடியை 2017இல் சட்டம் தடைசெய்தது. ஆனால் அந்த மடி கடலடியை என்ன செய்கிறது என்பது தொழிலாளிக்கு வலை கிழிந்த நட்டமாகத் தெரிகிறதே தவிர, நிரூபிக்கப்பட்ட அறிவாகத் தமிழில் கிடைப்பதில்லை. 2021இல் பூநகரிக் கரையின் கௌதாரிமுனைக் கடலட்டைப் பண்ணை குறித்து எழுந்த சர்ச்சையிலும் கோபம் இருந்தது, அரசியல் இருந்தது. அடைப்பு வேலி நீரோட்டத்தையும் மீன்குஞ்சுகளின் நடமாட்டத்தையும் என்ன செய்யும் என்ற விளக்கம்தான் அருகியிருந்தது.

மீனவனுக்குக் கடலைக் கற்பிக்க வேண்டுமா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. எந்த மாதம், எந்த நீரோட்டத்தில் எது வரும் என்பது அவருக்கு ஆய்வாளரைவிட நன்றாகவே தெரியும். அதனால்தான் ஆய்வாளர் அவரிடம் கேட்கவும் வேண்டும், கண்டதைத் திருப்பிச் சொல்லவும் வேண்டும். வெளியிலிருந்து வந்து தரவை அள்ளிக்கொண்டு போகும் ஆய்வுமுறையை டி வொஸ் வெளிப்படையாகச் சாடிவருகிறார். கொழும்பிலிருந்து வருபவரும் வன்னியிடம் அப்படி நடந்துகொள்ளலாம் என்பதை நாம் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வெளிநாட்டில் படித்த கொழும்புப் பெண்ணின் பாதை கிளிநொச்சிப் பிள்ளைக்கு எட்டுமா என்பது இன்னும் கனமான மறுப்பு. ஒருவரின் துணிச்சலைக் காட்டி, 'நீயும் செய்' என்று சொன்னால் போதாது. உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைக்கு மருத்துவபீடம் கைநழுவினால் எல்லாம் போயிற்று என்றுதான் வீட்டில் நினைக்கிறார்கள். கடலாய்வு ஒரு தொழில் என்று காட்ட நிரந்தரப் பதவியும் படகும் ஆய்வுப்பணமும் வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மீன்பிடியியல் துறை இருக்கிறது. அதன் பட்டதாரிகளுக்குப் பூநகரியிலும் முல்லைத்தீவிலும் வேலை ஒதுக்குவது அரசால் முடியாத காரியமல்ல. அதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று உண்டு: இந்தக் கரையில் ஆய்வுக்கோ பண்ணைக்கோ அனுமதி கேட்பவர், தம் அறிக்கையைத் தமிழில் எழுதி, கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் முன் வாசித்துக் கேள்விக்குப் பதில் சொன்ன பிறகே கையொப்பம் விழ வேண்டும்.